செரின் இல்லாத மிட்டாய்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மத் மருத்துவ மையம் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஆரம்பக்கட்ட அல்சைமர் நோயாளிகளுக்கு அதில் தரப்பட்டது ஊசியோ மாத்திரையோ அல்ல, மெல்லும் மிட்டாய். வேளைக்கு 15 கிராம் செரின் என்ற அமினோ அமிலம், நாளுக்கு இரண்டு வேளை, ஒன்பது மாதம். சேர்ந்தவர்களில் இன்னொரு சாராருக்குச் செரின் இல்லாத மிட்டாய். யாருக்கு எது போகிறது என்பது முடிவு வரும்வரை ரகசியம்.

செரினை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. சோயாவில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, டப்பாவில் அடைத்துக் கடையிலும் விற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைக் கொடுக்காமல், நாளுக்கு நாள் நினைவு தேய்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு வெறும் இனிப்பைக் கொடுத்து ஒன்பது மாதம் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமா? வீட்டார் இப்படிக் கேட்டால் விவரம் புரியாத கேள்வி என்று தள்ளிவிட முடியாது. இந்த நோயில் பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோக ஒன்பது மாதம் தாராளம்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு முடிவு முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது: செரின் நல்லது செய்யும் என்ற முடிவு. அது உறுதியானால் சோதனையே தேவையில்லை. உறுதியில்லை என்பதுதான் நிலவரம். இந்த யோசனையின் வேர் குவாம் தீவில் இருக்கிறது. அங்குள்ள சமோரோ மக்களிடையே கைகால் செயலிழப்பும் நடுக்கமும் மறதியும் கலந்த ஒரு நோய் ஒருகாலத்தில் மிக அதிகமாகக் காணப்பட்டது. அதற்குக் காரணமாக, சைகஸ் மர விதைகளில் சேரும் ஒரு நச்சு, புரதங்களில் செரின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று தாவரவியலாளர் பால் காக்ஸும் அவரது குழுவினரும் கருதினார்கள். 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அந்த நச்சைத் தின்ற வெர்வெட் குரங்குகளின் மூளையில் அல்சைமரில் காணப்படுவது போன்ற புரதச் சிக்கல்கள் உருவாகியிருந்தன. கூடவே செரினும் கொடுக்கப்பட்ட குரங்குகளிடம் அவை குறைவு. 2020இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து, அல்சைமரில் மூளை செரினைப் போதுமான அளவு தயாரிப்பதில்லை என்றார்கள். 2022இல் சான் டியேகோ ஆய்வாளர்கள் மனித மூளைத் திசுக்களைப் பார்த்துவிட்டு, செரினைத் தயாரிக்கும் நொதி நோய் முற்ற முற்றக் கூடுகிறது என்றார்கள். செரினை வெளியிலிருந்து கொடுப்பதைப் பற்றி எச்சரிக்கையும் செய்தார்கள். தேர்ந்த ஆய்வாளர்களே எதிரும் புதிருமாக நிற்கும்போது, செரின் இல்லாத மிட்டாய் கிடைத்தவர் ஏமாற்றப்பட்டவர் என்று எப்படிச் சொல்வது? அவர்தான் தப்பித்தவராகவும் இருக்கலாம். எலி லில்லி நிறுவனத்தின் செமகாசெஸ்டாட் என்ற அல்சைமர் மருந்தின் சோதனையை 2010இல் பாதியில் நிறுத்தியது இதனால்தான். மருந்து எடுத்தவர்களின் நினைவாற்றல், வெற்று மாத்திரை எடுத்தவர்களுடையதைவிட மோசமாகிக்கொண்டிருந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாதிருந்தால், பாவம் நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் நோயின் மேலேயே பழியைப் போட்டிருப்பார்கள்.

உணவில் இருப்பதுதானே, என்ன கெட்டுவிடும் என்ற சமாதானமும் நிற்காது. டிரிப்டோஃபானும் அமினோ அமிலம்தான், அதுவும் நாம் தினமும் சாப்பிடுவதுதான். 1989இல் அமெரிக்காவில் அதைச் சத்துப்பொருளாக வாங்கி விழுங்கியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியோடு படுத்தார்கள், பலர் இறந்தார்கள். ஒரே தயாரிப்பாளரின் சரக்கோடு அந்த நோய் தொடர்புபடுத்தப்பட்டது.

ஆக, செரின் இல்லாத மிட்டாயில் அநியாயம் இல்லை. உண்மையான நெருடல் சம்மதத்தில் இருக்கிறது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் படிவத்தைப் படித்து, நாலு கேள்வி கேட்டு, புரிந்தே கையெழுத்துப் போடுவார். ஆறாவது மாதத்தில் அதே ஆள், இது எதற்கு என்று கேட்டு மிட்டாயைத் துப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பேச்சைக் கேட்பது? கையெழுத்துப் போட்டவரின் பேச்சையா, துப்பியவரின் பேச்சையா? வீட்டில் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ இதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொடியாக்கித் தயிரில் கலந்து ஊட்டப் பார்ப்பார்கள். பிரியத்தில் செய்வதுதான், சந்தேகமில்லை. இருந்தாலும் நிரூபணமான சிகிச்சைக்காக ஒருவரை வற்புறுத்துவது வேறு, பிறருக்குப் பயன்படப்போகும் ஒரு விடைக்காக வற்புறுத்துவது வேறு. சோதனையில் துப்பியவரின் பேச்சுக்கே மதிப்பு அதிகம். ஏன் வேண்டாம் என்று அவரால் விளக்க முடியாமல் போகலாம். விளக்கம் கேட்க நமக்கு உரிமையும் இல்லை. எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தால் குறையட்டும்.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. அல்சைமர் சோதனைகளில் நோயாளியை மட்டும் கேட்டு முன்னேற்றத்தை அளப்பதில்லை. கணக்கு வழக்கு பார்க்கிறாரா, தானே சட்டை போட்டுக்கொள்கிறாரா என்று வீட்டாரிடமும் கேட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். ஒன்பது மாதம் மன்றாடிக்கொண்டிருந்த மகள், அப்பா கொஞ்சம் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று சொல்வது பொய்யல்ல, ஆனால் தரவும் அல்ல. யார் கையில் எந்த மிட்டாய் என்பது அவளுக்கும் தெரியாமல் இருந்தால்தான் அவளுடைய ஆசை இரண்டு பக்கமும் ஒரே எடையோடு விழும்.

சோதிப்பதைக் கேள்வி கேட்பவர்கள், சோதிக்காமல் விற்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதில்லை. அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, சத்துப்பொருள் என்ற பெயரில் வருவது பலன் தருகிறது என்று விற்பனைக்கு முன் நிரூபிக்க வேண்டியதில்லை. டிராமிப்ரோசேட் கதை அதையும் தாண்டியது. அமினோ அமிலமான டாரினுக்கு நெருங்கிய உறவான இந்தப் பொருளைக் கனடாவின் நியூரோகெம் நிறுவனம் அல்சைமர் மருந்தாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தது. எதிர்பார்த்த பலனைக் காட்ட முடியவில்லை என்று 2007இல் தெரிந்தது. அடுத்த ஆண்டே அதே பொருள் விவிமைண்ட் என்ற பெயரில் நினைவாற்றலுக்கான சத்துப்பொருளாகக் கடைக்கு வந்தது. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் தங்கள் எஞ்சிய தெளிவான மாதங்களை ஒரு விடைக்காகக் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். விடை கிடைத்தது, அதைச் சந்தை மதிக்கவில்லை.

செரினுக்குக் காப்புரிமை வாங்கிக் கொழிக்க வழியில்லை என்பதால் பெரிய மருந்து நிறுவனங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இலாப நோக்கற்ற ஆய்வுக்கூடமும் நன்கொடையும்தான் இதுவரை தாங்கியிருக்கின்றன. அதனால் இது எளிதில் கைவிடப்படக்கூடிய வேலை. கைவிட்டாலும், பலனில்லை என்று தெரிந்தாலும், சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் எது கொடுக்கப்பட்டது, என்ன தெரிந்தது என்று எழுதி அனுப்பும் கடன் நடத்தியவர்களுக்கு இருக்கிறது. சோதனையில் சேர்ந்ததே நோயாளிக்கு அப்போது நினைவில்லாமல் இருக்கலாம். ஆனாலும் டப்பா வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியோடு அவருடைய மகள் இன்னும் இருக்கிறாள்.