குடிபுகும் ஊர்

மனிதன் தன் வாழ்நாளில் செய்யும் தேர்வுகளுள் சில, அவன் ஒருவனை மட்டுமே சார்ந்தவை. வேறு சிலவோ, அவன் பெயரால் செய்யப்பட்டாலும் பிறர் தோளில் ஏறி அமர்பவை. தொழில் நிமித்தம் ஊர் பெயரும் இளங்குடும்பம் ஒன்று தான் குடியிருக்கப் புறநகரைத் தேர்ந்தெடுப்பது இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் ஒருவர். அதன் விலையைச் செலுத்துவோர் மனைவி, மக்கள், முதியோர் எனப் பலர். ஆகவே இதனை வெறும் வரவு செலவுக் கணக்காகக் கொள்ளாது, அறத்தின்பாற்பட்ட ஒரு வினாவாகவும் கொண்டு ஆராய்தல் பொருந்தும்.

மலேசியத் தமிழருக்கு இத்தேர்வே புதியது என்பதை முதற்கண் உணர வேண்டும். கங்காணியோடு கப்பலேறி வந்த நம் முன்னோர் எவ்வூரில் வாழ்வது என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்ததில்லை. தோட்ட நிருவாகம் லயத்தில் ஓர் அறையைக் காட்டியது. அதுவே வீடு, அதுவே ஊர், அதுவே உலகம். உடலுழைப்புத் தொழிலாளர் பிறர் செலவில் மலாயாவுக்கு அனுப்பப்படுவதை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டில் தடை செய்தது. அதன் பின்னரும் லய வாழ்வு தலைமுறைகளாகத் தொடர்ந்தது. ஆனால், அடைபட்ட அவ்வாழ்விலும் ஒரு வசதி இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் பல, மாட்டுக் கொட்டகையினும் மேலானவையாய் இருக்கவில்லை என்பது உண்மையே. எனினும் அன்று பள்ளி பிள்ளையைத் தேடி வந்தது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் யூ.எஸ்.ஜே. எழுந்தது. எஃபிங்காம் தோட்டத்தின் பெயரைப் பண்டார் உத்தாமாவில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் சுமந்து நிற்கிறது. நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் 800-க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. "எந்த ஊர்?" என்று கேட்டால், இன்று நிலப்படத்தில் இல்லாத தோட்டத்தின் பெயரைச் சொல்லும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. ஊர் என்பது நிலத்தின் பெயர் மட்டுமன்று, உறவின் பெயருமாகும். அவ்வாறாயின், ஊரைத் தேர்ந்தெடுப்பவன் உறவையும் தேர்ந்தெடுக்கிறான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். சுங்கை பட்டாணியைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை கிடைக்கிறது. மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. மூத்த பிள்ளை அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர வேண்டும். இளையதற்கு வயது மூன்று. இவர்கள்முன் நான்கு வழிகள் உள்ளன. பிரிக்பீல்ட்ஸில் கோயிலும் கடைத்தெருவும் ரயில் நிலையமும் நடை தூரத்தில் கிடைக்கும்; ஆனால், கையிலுள்ள பணத்துக்குச் சிறிய அடுக்குமாடி வீடே வாய்க்கும். கிள்ளானில் தமிழ் வாழ்வு தெருவெங்கும் தழைத்திருக்கிறது; ஆனால், கூட்டரசு நெடுஞ்சாலையின் காலை நெரிசல் பேர் பெற்றது. பூச்சோங்கில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, 2016-ஆம் ஆண்டு முதல் இலகு ரயிலும் உண்டு. எனினும் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலையில் டோல் கட்டணமும் நெரிசலும் சேர்ந்தே காத்திருக்கும். ரவாங்கிலோ, அதே வாடகைக்கு முற்றமும் மூன்று அறைகளும் கொண்ட தரைவீடு கிடைக்கக்கூடும். தொலைவுதான் அதன் விலை.

அவ்விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மாதத்தில் 22 வேலை நாள்களுக்கு 66 மணி. ஆண்டுக்கு 792 மணி. அஃதாவது 33 முழு நாள்கள். விடுப்புகளைக் கழித்தாலும் ஆண்டில் ஒரு மாதத்தைச் சாலையிலேயே கழித்தவராகிறார். பிள்ளை எழுமுன் புறப்பட்டுப் பிள்ளை உறங்கியபின் திரும்பும் தந்தை, "எல்லாம் குடும்பத்துக்காகத்தான்" என்கிறார். அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால், பிள்ளைக்குத் தனியறை கொடுக்கத் தந்தையை எடுத்துக்கொள்வது நேர்மையான பண்டமாற்றா என்பதை அவர் ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். வருவாய் குறைந்தோர்க்கு இவ்வினாவே பொருந்தாது. அவர்களுக்கு மலிவான வாடகை உயிர் வாழும் வழி. வினா, இரண்டுள் ஒன்றைத் தேர இயன்றவர்க்கே உரியது.

அடுத்து மனைவியின் நிலை. ஊர் பெயர்தலில் கணவனுக்கு வேலையும் உடன் பணிபுரிவோரும் காத்திருக்கின்றனர். மனைவிக்கோ பெரும்பாலும் காத்திருப்பது பூட்டிய கதவுகளின் வரிசையே. தாய்வீடு, பழகிய அண்டை வீட்டார், தான் பார்த்த வேலை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இழப்பவள் அவளே. ஆயினும் வீடு பார்க்கும் பயணத்தில் பல வேளைகளில் அவள் உடன் செல்வதில்லை. "நான் பார்த்துவிட்டேன், நல்ல வீடு" என்ற சொல்லோடு முடிவு வந்து சேர்கிறது. ஒரு முடிவின் சுமையை மிகுதியாகச் சுமப்பவரின் குரல் அம்முடிவில் குறைவாக ஒலிக்குமாயின், வீடு எத்துணை நல்லதாயினும் முடிவு நல்லதாகாது.

மூன்றாவது, நம்மவர் நடுவே வாழ்வதா, பிறர் நடுவே வாழ்வதா என்னும் பழைய வினா. கோயிலில்லாத ஊரில் குடியேறாதீர் என்றனர் முன்னோர். அதன் உட்பொருள், துன்பத்தில் உடன் நிற்கும் கூட்டம் ஒன்று வேண்டும் என்பதே. ஆயின், கூட்டம் காப்பதுபோலவே கண்ணையும் மறைக்கும். மலாய், சீனப் பிள்ளைகளோடு விளையாடாது வளரும் பிள்ளை இந்நாட்டின் பாதியைப் பாடநூலில் மட்டுமே காண்பான். சிங்கப்பூர் அரசு இதனைக் குடிமக்களின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை; 1989-ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இனவாரி வரம்புகளை விதித்துள்ளது. நம் நாட்டில் அத்தகைய பொது வரம்பில்லை. அதற்கு மாறாக, இன்ன இனத்தார்க்கு மட்டுமே வாடகைக்குத் தரப்படும் என்னும் விளம்பரங்களைக் காண்கிறோம். தொலைபேசியில் பெயரைச் சொன்னவுடன் வீடு "போய்விட்டது" என்னும் மறுமொழி பெற்ற தமிழர் பலர். மறுக்கப்பட்டவன் தன்னவரை நாடிச் செல்வதைத் தேர்வென்று சொல்லுதல் தகாது. அதே வேளையில், வாடகைக்கு விட வீடுள்ள தமிழர், அயல்நாட்டுத் தொழிலாளியையோ வேற்றினத்தாரையோ அதே சொல்லால் திருப்பி அனுப்புவாராயின், நமக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றிப் பேசும் உரிமையை அவர் பாதி இழந்துவிடுகிறார்.

இறுதியாகப் பள்ளி. தலைமையாசிரியனாகிய யான் இதனைப் பற்றி எழுதும்போது, கடைக்காரன் தன் சரக்கைப் புகழ்வதாக வாசகர் ஐயுறக்கூடும், அவ்வையம் நியாயமானதே. எனவே என் நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையின் நலனைக் காவு கொடுத்தல் அறமாகாது. பிள்ளை, சரியும் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் கழியன்று. தமிழ்ப்பள்ளி வேண்டுமென்பதற்காக விடியுமுன் பிள்ளையை எழுப்பி ஒரு மணி நேரம் வேனில் அலைக்கழிப்பது மொழிப்பற்றின் பெயரால் செய்யும் கொடுமையாகவும் முடியலாம்.

ஆனால், மறுபக்கமும் உண்டு. 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்கிறோம். அவை ஒருநாளில் அந்நிலையை அடைவதில்லை. ஒரு குடும்பம் வீட்டை மாற்றுகிறது. இன்னொரு குடும்பம் மாற்றுகிறது. எவரும் பள்ளியை மூட எண்ணியதில்லை. பள்ளி மட்டும் தேய்ந்துவிடுகிறது. எவர்மீதும் குற்றம் சாட்ட இயலாத இவ்விழப்பில் எவருக்குமே பங்கில்லை என்று சொல்லவும் இயலாது. மாணவர் அருகிய தோட்டப் பள்ளிகள் சில, தமிழர் மிகுந்த நகர்ப்புறங்களுக்கு இடம் மாற்றப்பட்டது நற்செயலே. எனினும் அது நிறைவேற ஆண்டுகள் பல ஆகும். பிள்ளையின் வயது அதுவரை காத்திராது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? தமிழ்ப்பள்ளியை விரும்பும் பெற்றோர், வீடு பிடித்தபின் பள்ளி தேடும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பணம் செலுத்துமுன் அப்பள்ளிக்கு நேரில் செல்ல வேண்டும். "அங்கே சரியில்லையாம்" என்னும் காற்றுவாக்குச் செய்தியால் பள்ளியை ஒதுக்காமலும், "நம் பள்ளியாயிற்றே" என்னும் பாசத்தால் குறைகளைக் காணாமலும், வகுப்பறையைப் பார்த்து, ஆசிரியரிடம் பேசி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் உயிரோடிருக்கிறதா என்று அறிந்து முடிவு செய்தல் வேண்டும். பார்த்தபின் வேண்டாம் என்பவரோடு எனக்கு வழக்கில்லை. பாராமலே வேண்டாம் என்பவரிடம்தான் வழக்கு.

இதுகாறும் கூறியவற்றால் எந்தப் புறநகர் சிறந்தது என்னும் விடை கிட்டாது. அத்தகைய பொதுவிடை இருப்பதாகவும் யான் கருதவில்லை. நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் பூச்சோங்கையோ கிள்ளானையோ தேர்ந்தெடுக்கலாம். ரவாங்கையே தேர்ந்தெடுத்துக் கணவர் வேலையிடத்தில் நேர மாற்றம் கேட்டுப் பெறலாம். எது நல்ல தேர்வு என்பதை இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. விலை கொடுக்கப் போகிறவர் அனைவரும் கேட்கப்பட்டனரா? கொடுக்கப்படும் விலை பணம் மட்டுமன்று என்பது எண்ணப்பட்டதா? குடிபுகுபவர் அவ்வூரில் வாடகைக்காரராக மட்டும் இருக்கப் போகிறாரா, அண்டை வீட்டாராகவும் இருக்கப் போகிறாரா? இம்மூன்று வினாக்களுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தால் தேர்வு பெரிதும் பிழைபடாது.

மூன்றாம் வினாவையே யான் முதன்மையாகக் கருதுகிறேன். லயத்து மக்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் கிடைத்த ஊரில் கோயில் எழுப்பினர், பள்ளிக்கு அத்தாப்புக் கூரை வேய்ந்தனர், சாவு வீட்டுக்கு அழையாமல் சென்றனர். தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற நாம், சுவரைப் பங்கிட்டு வாழும் அடுத்த வீட்டாரின் பெயரை ஓராண்டு சென்றும் அறியாதிருப்போமாயின், அவ்வுரிமையால் நாம் பெற்றது நல்ல வீடாக இருக்கலாம், ஊராக இராது. குடிபுகுந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இருபுறத்து வீடுகளின் கதவையும் தட்டுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை. நெடுஞ்சாலை நெரிசலும் தடையாகாது.