நாயின் மதிப்பு 120 ரூபாய்

நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு நாயைச் சென்னைக்குக் கூட்டிப்போக இரண்டு வழி உண்டு. ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபேயையோ நால்வர் அறையையோ முழுதாக நம் பெயரில் எடுத்தால், அது நம்மோடு வரும். இல்லையென்றால் பார்சல் ஆபீசில் ரசீது போட்டு, கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் விட வேண்டும். ஸ்லீப்பரில் ஏற்றினால் அபராதம். நாய் எப்படியும் கூண்டுக்குத்தான் போகும். வாகைக்குளம் போய் விமானம் ஏறலாமே என்றால், அங்கிருந்து பறக்கும் இண்டிகோ சேவை நாய்களைத் தவிர வேறு வளர்ப்புப் பிராணிகளை ஏற்றுவதில்லை.

இதில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. பக்கத்து பெர்த்தில் நாயைக் கண்டால் நடுங்கும் குழந்தை இருக்கலாம். "அது ஒண்ணும் செய்யாது" என்பது நாய் வளர்க்கிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பொய்.

எனக்கு இடறுவது வேறு இடத்தில். ரயில்வேயின் 1990-ஆம் ஆண்டு விதிப்படி, வழியில் நாய் செத்துப்போனால் நிர்வாகத்தின் பொறுப்பு 120 ரூபாய் வரைதான். யானைக்கு 6000. அதற்கு மேல் வேண்டுமென்றால், ஏற்றும்போதே நாம் ஒரு மதிப்பை எழுதிக்கொடுத்து, அதற்கேற்ற சதவீதக் கட்டணமும் கட்ட வேண்டும். சரி, எவ்வளவு எழுதுவது? சங்கரன்கோவில் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் தன் சிப்பிப்பாறை நாய்க்கு என்ன எழுதுவார்? குட்டியாக வாங்கிய விலையா, எட்டு வருஷம் கிடை காத்த கூலியா?

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்திலும் தகராறு ஒரு வாகனத்தில் ஏறுவது பற்றித்தான். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். தருமர் மறுக்கிறார். அந்த நாய் தருமதேவதை என்று பிறகு தெரியவருவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மறுத்தபோது அவருக்கு அது வெறும் நாய்தான். உயர்ந்த ஜாதி நாய் என்று அவர் வாதாடவில்லை. அண்டி வந்ததைக் கைவிட மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். நமது படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அதற்காக, கூண்டில் விடுகிறவன் கைவிட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கூபேக்குக் காசுள்ளவரின் நாய் பயணி. இல்லாதவரின் நாய் பார்சல். ஆனால் தண்ணீரும் சோறும் இரண்டு பேர் பொறுப்பும்தான். கூபேக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். மற்றவர் மதுரையில் வண்டி நின்றதும் தண்ணீர் பாட்டிலோடு கடைசிப் பெட்டியை நோக்கி ஓட வேண்டும், சிக்னல் விழுவதற்குள்.