எள்ளும் தண்ணீரும்

பிரசவ அறையின் கதவு திறந்ததும் வெளியே காத்திருப்பவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "பிள்ளையா, பெண்ணா?" என்பதே. குழந்தை என்ற பொதுப்பொருளுடைய பிள்ளை என்னும் சொல், அந்தக் கேள்வியில் ஆணுக்கு மட்டும் உரித்தாகிப் பெண்ணை வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிடுவதைக் கேட்பவரும் கவனிப்பதில்லை, பதில் சொல்லும் மருத்துவச்சியும் கவனிப்பதில்லை. மதுரைச் சீமையில் அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்தால் கடைசிப் பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயரிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் அப்பெயர் வாசிக்கப்படும்போது எழுந்து நிற்கும் சிறுமியை நினைத்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

கேட்டால், சாஸ்திரம் என்பார்கள். 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் காப்பவனாதலால் புத்திரன் என்று மனுஸ்மிருதி 9-ஆம் அத்தியாயத்தின் 138-ஆம் சுலோகம் கூறுகிறது. எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு பிள்ளை வேண்டாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்குவதும் அந்த அச்சத்தினாலேயே. ஆயினும் அதற்கு எட்டே சுலோகங்களுக்கு முன்னால், மகன் தன் ஆத்மாவுக்கு ஒப்பானவன், மகள் மகனுக்குச் சமமானவள் என்று அதே ஸ்மிருதி சொல்லியிருப்பதை எந்தத் திண்ணையிலும் எவரும் எடுத்துரைக்க நான் கேட்டதில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கும் சடங்கைச் சிரத்தையோடு செய்வதனாலன்றோ அதற்குச் சிராத்தம் என்று பெயர் வந்தது? அந்தச் சிரத்தை நிரம்பிய மகளின் கையிலிருந்து விழும் நீர், பித்ருக்களைச் சேராமல் எவ்விடத்தில் தடைப்படும்?

பிருஹதாரண்யக உபநிஷத்து இன்னும் தூரம் செல்கிறது. பண்டிதையாகவும் பூர்ண ஆயுளுடையவளாகவும் ஒரு மகள் பிறக்க வேண்டுமென்று விரும்பும் தம்பதிகள், எள் சேர்த்துச் சமைத்த அன்னத்தை நெய்யுடன் உண்ணவேண்டுமென்று அதன் 6-ஆம் அத்தியாயம் விதிக்கிறது. கார்க்கியும் மைத்ரேயியும் யாக்ஞவல்கியரிடம் பிரம்மத்தைப் பற்றியும் அமிருதத்துவத்தைப் பற்றியும் வினவியது இந்த நூலில்தான். ஆனால் பாஷ்யம் செய்த சங்கரர், பெண்ணுக்கு வேதத்தில் அதிகாரமில்லையாதலால் இங்கே பாண்டித்தியம் என்பது கிருக காரியங்களில் உள்ள திறமையே என்று பொருள் வகுத்தார். அந்த மகானை வணங்கும் என் மனம் இந்த இடத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற மறுக்கிறது. ஏனெனில், "இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்" என்ற வார்த்தையை அன்றாடம் கேட்டுக்கொண்டு, தமையன் உண்டு எழுந்த பின்பு மிச்சத்தை உண்டு, புத்தகத்தை மூடிவைத்து அடுப்படிக்குச் சென்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வாய்த்த பாண்டித்தியமும் அவ்வளவே.

இறந்தபின் தமக்கு இறைக்கப்படவிருக்கும் எள்ளை நினைத்து மகனை வேண்டி விரதமிருந்த வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். மகளை வேண்டி எள்ளன்னம் சமைத்த வீடு ஒன்றையேனும் நான் இதுவரை கண்டதில்லை.