கைநூல் இல்லாத திரை

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவனுக்கு அதனைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. அப்பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியும் உரிமையும் அவனுக்கு உண்டா? அறிந்தவன் அதனைப் பிறர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவனா? இவ்வினாக்களை நாம் பெருந் தத்துவ நூல் எதிலிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கணினி முனையமொன்றின் திரையே இவற்றை நம்முன் வைக்கின்றது.

இன்றைய மாணவர் முனையத்தைக் கண்டிருக்கமாட்டார். 1970களிலும் 80களிலும் பெருங் கணினி தனியறையில் நின்றது. அதனோடு பேச விரும்பியவர் முன்னால் இருந்தவை ஒரு விசைப்பலகையும் ஒரு கண்ணாடித் திரையுமே. தட்டிய எழுத்தைக் கம்பிவழியே அனுப்புவதும், வந்த எழுத்தை ஒளிரச் செய்வதுமே முனையத்தின் தொழில். அவற்றுட் புகழ்பெற்றது டிஜிட்டல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட வீ.ரீ.100 ஆகும். அந்நிறுவனம் 1998இல் கொம்பாக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. எனினும் அதன் கைநூல்களை ஆர்வலர்கள் பக்கம் பக்கமாகப் படியெடுத்து எல்லோர்க்கும் கிடைக்குமாறு வைத்துள்ளனர். இந்தப் பேறு எல்லா முனையங்களுக்கும் வாய்க்கவில்லை. பெயர்த்தகடு உரிந்து, செருகுவாயில் எந்த ஊசி எதற்கு என்ற குறிப்புமின்றிக் கிடக்கும் திரைகள் உள.

அத்தகைய ஒன்றை எவ்வாறு உயிர்ப்பிப்பது? முதற் காரியம் மின்சாரத்தைக் கொடாதிருப்பது. அமெரிக்காவுக்கெனச் செய்யப்பட்ட பெட்டி 115 வோல்ற்றை எதிர்பார்க்கும். நமது சுவரில் இருப்பது 230. மாற்றும் ஆளி உண்டா என்று பாராமற் செருகினால் ஆராய்ச்சி புகையோடு முடிந்துவிடும். படக்குழாயின் இறப்பர் மூடியின் கீழே 10,000 வோல்ற்றையும் கடந்த மின்னேற்றம், இணைப்பைத் துண்டித்த பின்னரும் தங்கியிருக்கக்கூடும். பழகிய கை அதனைப் புவித்தொடுப்புக்கு வடித்த பின்னரே உள்ளே போகவேண்டும். இனித் தொடங்குவது துப்பறியும் வேலை. உலோகச் சட்டத்தோடு தொடர்புடைய ஊசி எது என்பதைப் பல்மானி காட்டிவிடும். எஞ்சிய ஊசிகளைச் செப்புத் தடங்களின் வழியே பின்தொடரவேண்டும். ஒரு தடம் படக்குழாயின் கழுத்துப் பக்கம் போகின்றது: எழுத்தின் ஒளியைச் சுமப்பது அது. மற்றொன்று, நொடிக்கு 15,000 தடவைக்கு மேல் கதிரைக் குறுக்கே இழுக்கும் சுற்றுக்குப் போகின்றது. இன்னுமொன்று, நொடிக்கு 50 அல்லது 60 தடவை கதிரை மேலிருந்து கீழிறக்கும் சுற்றுக்கு. திரை ஒளிர்ந்து, எழுத்துக்குப் பதிலாகக் குப்பை விழுந்தால் மனந்தளர வேண்டியதில்லை. அது நல்ல சகுனம். பெரும்பாலும் வேகந்தான் பொருந்தாதிருக்கும். 300, 1200, 9600 என மாற்றிப் பார்க்க, ஒரு கட்டத்திற் குப்பை சொல்லாகிவிடும்.

இதனைத் தனியொருவரின் கூர்மதி என்று புகழ்வது வழக்கம். அப்புகழிற் பாதியை நாம் பிடித்துவைக்க விரும்புகிறோம். கம்பிவழிப் பேச்சுக்கான ஆர்.எஸ்.232 என்னும் நியமம் 1960இல் வகுக்கப்பட்டது. எழுத்துகளுக்கு எண் குறிக்கும் ஆஸ்கி 1963இல் வந்தது. 25 ஊசிச் செருகியில், முனையத்தின் பக்கம், 2ஆவது அனுப்பும், 3ஆவது பெறும், 7ஆவது புவி என்பது எந்த முதலாளியின் இரகசியமும் அன்று; வெளிப்படையாக அச்சிடப்பட்ட பொது இணக்கம். பொதுவில் வைக்கப்பட்ட பகுதி ஒரு மாலைப்பொழுதில் துலங்கிவிடுகின்றது. மறைக்கப்பட்ட பகுதியே வாரங்களைத் தின்கின்றது.

மறைவு இயந்திரத்தின் இயல்பன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் தன் தனியாட் கணினிக்கு வெளியிட்ட தொழில்நுட்பக் கைநூலிற் சுற்று வரைபடங்களையும் அச்சிட்டது. பின்வந்த வணிகமோ, பழையதைத் திருத்த விடுவதிலும் புதியதை விற்பதே இலாபம் எனக் கண்டு வரைபடத்தைப் பூட்டியது. நியூயோர்க் மாநிலம் 2022இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2024இலும் திருத்தும் உரிமைக்கெனச் சட்டம் இயற்ற நேர்ந்தமை இதனாலன்றோ?

ஆனால் வினாவின் மறுபாதி நம் வாசலிலேயே நிற்கின்றது. மாத்தளைக் கடைவீதியில் தொலைக்காட்சி திருத்திப் பிழைக்கும் ஒருவரிடம், நீர் அறிந்ததையெல்லாம் அடுத்த கடைக்காரருக்குச் சொல்லும் என்று நாம் உபதேசிக்கலாமா? அவருக்கு ஓய்வூதியம் இல்லை. பல்லாண்டு விரலைச் சுட்டுக்கொண்டு கற்ற இரகசியமே அவரது வைப்பு நிதி. கோடிகளை ஆளும் கம்பெனியின் மௌனத்தையும் இவரது மௌனத்தையும் ஒரே தராசில் நிறுப்பது அறமன்று. அது மாதச் சம்பளம் தவறாது வாங்குவோரின் நியாயம். ஆசிரியராகிய நாமும் அவ்வகையினரே.

எனினும் ஒருவரிடம் மட்டும் தங்கும் அறிவு என்னவாகும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. தம்புள்ளை செல்லும் வீதியில், மாத்தளைக்குச் சுமார் 3 கிலோமீற்றர் வடக்கே, அலுவிகாரைக் குகைகள் இருக்கின்றன. வாய்மொழியாகக் காக்கப்பட்டுவந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பக்தி மட்டும் அதற்குக் காரணமன்று. போராலும் பஞ்சத்தாலும் நூலை மனத்திற் சுமந்தோர் மடிந்துகொண்டிருந்தனர். மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவராய் ஒரே ஒரு பிக்கு எஞ்சினார் என்றும், அவர் ஒழுக்கங் கெட்டவர் எனப்பட்டார் என்றும், அவரிடம் கற்க மனமில்லாதிருந்த மற்றொரு தேரர் வற்புறுத்தலின் பேரிற் போய்ப் பாடங் கேட்டார் என்றும் பாளி வினய உரை கூறுகின்றது. ஆளின் குணத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தால் நூல் அவரோடு எரிந்திருக்கும். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரை ஏட்டுச்சாலை அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, பிற விகாரைகளிலும் பர்மாவிலும் சீயத்திலும் படிகள் இருந்தன.

இக்கதையிற் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. எழுதிய பிக்குகள் தம் சோற்றுக்குத் தாமே உழவில்லை, ஊரவர் இட்டனர். நமது திருத்துநரிடம் மட்டும் தானத்தை எதிர்பார்ப்பது ஏன்? தொழில்நுட்பக் கல்லூரிகளும் பாடசாலை விஞ்ஞான மன்றங்களும் அவரை அழைக்கலாம். எந்த ஊசி எதற்கு, எந்தக் கொள்ளளவி வீங்கியிருந்தது, எதைத் தொட்டபோது ஒன்றும் நிகழவில்லை என்பவற்றை மாணவர் கேட்டுத் தமிழில் எழுதலாம். பிளைபேக் என்று அவர் சொன்னால் பிளைபேக் என்றே எழுதலாம். படிகள் இரண்டு மூன்று ஊர்களிலேனும் இருக்கட்டும். அவரது நாட்கூலியைக் கேள்விகள் தொடங்குமுன்னரே கொடுத்துவிட வேண்டும்.