மாறுமோ மனிதப் பழக்கம்?

பூமி தாங்கும் அளவுக்குள் வாழ மனித குலம் தன் பண்பாட்டை மாற்றிக்கொள்ள இயலுமா? ஆசை மனிதனின் இயல்பு, இயல்பு மாறாது என்று கூறி, இயலாது என்போர் பலர். இக்கூற்றைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம்.

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலுள்ள புத்தலப்பட்டுப் பகுதி பாறை நிலம். மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் அடியிலுள்ள வெடிப்புகளிலும் தங்கும் மழைநீரே இதன் நிலத்தடிச் செல்வம். முன்னோர் ஏரி வெட்டி அதைப் பேணினர். பிற்காலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. 2004-இல் வேளாண்மைக்கு மின்சாரம் இலவசமாயிற்று. இறைப்பதற்கு வரம்பே இல்லாமற் போயிற்று.

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகிறது. ஒருவர் சிக்கனமாக இறைத்தால், அவர் விட்டுவைத்த நீரை அண்டை நிலத்து மோட்டார் இழுத்துக்கொள்ளும். தனியொருவரின் அடக்கம் நீரைக் காப்பதில்லை. அவருக்கு நஷ்டத்தையே தருகிறது. அப்படியானால் அறம் ஏமாளிகளுக்கு மட்டும் உரியதா?

விடை தேடும் முயற்சி ஒன்று 2003-இல் தொடங்கியது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன், சித்தூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே நிலத்தடி நீரைக் கணக்கிடக் கற்றனர். மழையை அளந்தனர், கிணற்று நீர்மட்டத்தைக் குறித்தனர். ஊர் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, விதைக்க எண்ணும் பயிர்களுக்கு வேண்டியது எவ்வளவு என்று ஒப்பிட்டனர். தடையுமில்லை, அபராதமுமில்லை. எதைப் பயிரிடுவது என்பதை அவரவரே முடிவு செய்தனர். ஆயினும் பல ஊர்களில் நெல்லின் பரப்புக் குறைந்து, குறைந்த நீரில் விளையும் பயிர்கள் இடம்பெற்றன.

அவர்களுடைய ஆசை அழிந்துவிடவில்லை, அறியாமையே அகன்றது. எல்லோரும் ஒரே உண்மையை ஒருங்கே கண்டபோது, ஒருவரின் அடக்கம் மற்றவருக்கும் நம்பிக்கை அளித்தது.

அருகிலுள்ள காணிப்பாக்கத்தில், நீர் வற்றிய கிணற்றை ஆழப்படுத்தியபோது விநாயகர் வெளிப்பட்டதாகத் தலபுராணம் கூறுகிறது. தீய பழக்கத்தைக் கைவிட விரும்புவோர் அச்சந்நிதியில் சத்தியம் செய்கின்றனர். மனத்துக்குள் மட்டும் செய்யும் தீர்மானம் எளிதில் நழுவும். சாட்சி முன் செய்யும் சங்கல்பம் நிலைபெறும். நீர்க்கணக்கை நடுவில் வைத்து ஊரார் கூடிய கூட்டமும் அத்தகைய ஒரு சாட்சியே.

ஆனால் 2009-க்குப் பின், திட்டம் முடிந்த பல ஊர்களில் அளக்கும் வழக்கம் தளர்ந்தது. முயற்சி வீண் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வது தவறு. அலைபாயும் மனத்தை அடக்க அப்யாசம், வைராக்கியம் என்னும் இரண்டையும் கீதை கூறுகிறது. ஓர் ஊரின் மனத்துக்கும் அந்த இரண்டுமே வேண்டும். அறிவு ஒரு பருவத்தில் கிட்டிவிடலாம். அது பண்பாடாகக் கனிவதற்கு ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் பயில வேண்டும்.

மனிதன் மாற முடியும் என்பதை அந்தக் கிணறுகள் காட்டிவிட்டன. உதவிக்கு வந்தவர்கள் திரும்பிச் சென்ற பின்பும் அளவுகோலைக் கீழே வைக்காதிருப்போமா என்பதே எஞ்சியுள்ள கேள்வி.