புல்லுருவி என்று ஒரு வசவு

உழைக்காமல் உண்பவனைப் ‘புல்லுருவி’ என்று ஏசுவது நம்மிடையே வழக்கம். மேடையில் பேசுகிறவர்களும் சொல்லுகிறார்கள். என்னைப்போல் கதை எழுதுகிறவர்களும் சொல்லுகிறோம். அந்தச் செடியை நின்று பார்த்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

பெரம்பலூரில் குடியிருக்கும் உறவினர் ஒருவருக்கு அரியலூர்ப் பக்கம், ஜெயங்கொண்டம் போகும் வழியில் மாந்தோப்பு இருக்கிறது. பங்குனியில் ஒரு நாள் அங்கே போயிருந்தேன். தோப்பைக் காக்கும் பெரியவர் மரத்தில் ஏறி, புல்லுருவி ஒட்டியிருந்த கிளைகளை அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தார். வேலியோரத்து வேம்பில் இருந்ததை மட்டும் அவர் தொடவில்லை.

“அது மரத்தைத் தின்றுவிடாதா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“தண்ணியைத்தானுங்க இழுக்குது. ஒண்ணு ரெண்டு இருந்தா மரம் தாங்கும். மண்டிப்போனாத்தான் கிளை காஞ்சுபோகும். மாவிலே விட்டா காய்ப்புப் போயிடும். வேம்பிலே குருவி வருது, இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

தாவர நூலாரும் இதையேதான் சொல்லுகிறார்கள். புல்லுருவியின் இலை பச்சை. அந்த இலையில், வெயிலைக் கொண்டு, தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளுகிறது. மண்ணில் வேர் இல்லாத குறைக்கு, நீரையும் உப்புகளையும் மரத்திடம் வாங்குகிறது. அதன் பூவில் தேன்சிட்டு தேன் குடிக்கிறது. பழத்தைப் பூக்கொத்திக் குருவி தின்று, பிசுபிசுத்த விதையை வேறொரு கிளையில் ஒட்டிவிட்டுப் போகிறது.

நாம் போற்றும் சந்தன மரமும் பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி நீரும் உப்பும் வாங்கித்தான் வளர்கிறது. சந்தனக் கன்றின் அருகே துவரையை நடுவது இதற்காகத்தான். ஒன்று மண்ணுக்கு மேலே செய்வதை மற்றொன்று மண்ணுக்குள்ளே செய்கிறது. ஒன்றை ஏசுகிறோம், மற்றொன்றை அரைத்து நெற்றியில் இட்டுக்கொள்ளுகிறோம். அப்படியானால் நாம் வெறுப்பது வாங்குவதையா, நமக்குப் பயன் தராமல் வாங்குவதையா?

ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்ற அறிஞர் சில காட்டுப் பகுதிகளில் புல்லுருவிகளை அகற்றிப் பார்த்தார். மூன்று ஆண்டு கழித்து எண்ணியபோது, காட்டை நம்பி வாழும் பறவை இனங்களில் காற்பங்குக்கு மேல் அங்கே குறைந்திருந்தன. 2012இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அதைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. வேலை கிடைக்காத உறவுக்காரப் பையன் ஒருவன் சில காலம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். ஒரு நாள் கோபத்தில் அவனை அந்தச் சொல்லால் குறித்தேன். அது அவன் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் பெட்டியோடு போய்விட்டான். பார்வை மங்கிய என் தாயார் அன்று மாலை, “பேப்பர் படிக்க அவன் வரல்லையா?” என்று கேட்டபோதுதான், அவன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

அளவு மீறினால் வெட்டத்தான் வேண்டும். பெரியவரின் அரிவாளில் குற்றம் இல்லை. ஆனால் எந்த மரம், எத்தனை கொத்து என்று பார்த்த பிறகே அவர் அரிவாளை ஓங்கினார். நான் பார்க்கவில்லை. செடிக்குத் தன் அளவு தெரியாது, மனிதனுக்குத் தெரியக்கூடும். எடுப்பவனுக்கு மட்டும் அல்ல, ஏசுபவனுக்கும் அந்த அளவு வேண்டும்.