உரக்க அழைத்தல்: சரண கோஷத்தின் பொருள்

நெஞ்சில் நினைப்பதையும் அறிவதாகப் போற்றப்படும் தெய்வத்தை மனிதன் ஏன் தொண்டை வறள உரக்க அழைக்க வேண்டும் என்னும் கேள்வி, சமயச் சிந்தனையில் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. கார்த்திகை முதல் நாளிலிருந்து தை முதல் நாள் வரை, கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டிலும், தேனியிலிருந்து குமுளி வழியாக இடுக்கியிலும் நுழையும் ஐயப்ப பக்தர்களின் சரண கோஷம் இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் புதிதாக எழுப்புகிறது. அந்தக் குரலை வெறும் ஆரவாரம் என்று ஒதுக்குவோரும், அளவு கூடக் கூடப் பக்தியும் கூடும் என்று எண்ணுவோரும் அதன் பொருளை ஒருசேரத் தவறவிடுகின்றனர்.

உரத்த குரலுக்கு எதிரான வாதம் வலுவானது. வாய்விட்டுச் சொல்லும் ஜபம் வாசிகம் எனவும், உதடு மட்டும் அசையும் ஜபம் உபாம்சு எனவும், மனத்துக்குள்ளேயே நிகழும் ஜபம் மானசம் எனவும் மூன்றாக வகுக்கப்படும். விதிப்படி செய்யும் வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கும், உபாம்சு நூறு மடங்கும், மானசம் ஆயிரம் மடங்கும் உயர்ந்தவை என்று மனு ஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. இந்த அளவுகோலின்படி குரல் அடங்க அடங்கச் சாதனை உயர்கிறது. உரத்த அழைப்போ முதற்படியிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கு மறுமொழி பக்தி மரபுக்குள்ளிருந்தே எழுந்தது. சைதன்யரின் அணுக்கத் தொண்டரான ஹரிதாச தாகூர், மனத்துக்குள் ஜபிப்பவர் தமக்கு மட்டுமே நன்மை தேடிக்கொள்கிறார் என்றும், உரக்கச் சொல்பவரோ நாமத்தைச் சொல்ல இயலாத பறவைக்கும் விலங்குக்கும்கூட அதைக் கேட்கும் பேற்றைத் தருகிறார் என்றும் வாதிட்டதாக வங்க வைணவ மரபு கூறுகிறது. காவிரிக் கரைக் கோவிந்தபுரத்தில் வாழ்ந்த போதேந்திரர், இறைவனின் பெயரே வீடுபேற்றுக்குப் போதுமான வழி என்னும் நாம சித்தாந்தத்தை நிலைநாட்டினார். அவர் வழிவந்த பஜனை மரபைப் போற்றிவரும் பாலக்காட்டுத் தமிழ் அக்ரகாரங்களில், ஐயப்ப விரதத்துக்குரிய மண்டல காலத்தையொட்டி நடக்கும் சாஸ்தா ப்ரீதி வழிபாட்டில் பாட்டும் சரண கோஷமும் வீதி முழுவதற்கும் பொதுவாகின்றன. வேதம் ஓதுவதற்குப் பயிற்சியும் தகுதியும் கேட்கப்பட்ட சமூகத்தில், எவரும் எவ்விடத்திலும் எழுப்பக்கூடிய இந்தக் குரல் ஒரு கதவைத் திறந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் உரத்த அழைப்பின் முழுப் பொருள் சரணாகதி என்னும் கோட்பாட்டில்தான் விளங்கும். சரணாகதி என்பது தன்னால் இயலாது என்று உணர்ந்தவர் தன்னைக் காக்கும் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைப்பதாகும். வைணவ ஆசிரியர்கள் கூறும் அதன் ஆறு அங்கங்களுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை: கார்ப்பண்யம் என்பது தன் கையறு நிலையை ஒப்புக்கொள்வது, கோப்த்ருத்வ வரணம் என்பது காப்பாளனாக இருக்குமாறு வேண்டிக் கேட்பது. முதலையின் வாயில் கால் சிக்கிய கஜேந்திரன் என்னும் யானை எழுப்பிய ஓலத்தில் இவ்விரண்டும் ஒன்றாகின்றன. அந்த ஓலம் இறைவனுக்குச் செய்தி சொல்வதற்காக எழுந்ததன்று. தன் வலிமையின் மீது கொண்ட நம்பிக்கை தன்னைவிட்டு நீங்கியதை அந்த யானை தானே கேட்டுக்கொண்ட கணம் அது.

சரண கோஷத்தின் அமைப்பிலேயே இந்த ஒப்புக்கொடுத்தல் பதிந்திருக்கிறது. இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாகச் சபரிமலைச் சன்னிதானம் செல்லும் காட்டுப் பாதையில், குழுவை வழிநடத்தும் குருசாமி ‘சுவாமியே’ என்று அழைத்து நிறுத்துகிறார். ‘சரணம் ஐயப்பா’ என்னும் மறுபாதி பின்னால் வருவோரிடமிருந்து எழுகிறது. இருமுடி தலையில் அழுத்த, ஏற்றத்தில் மூச்சு வாங்கும் ஒருவரின் குரல் பாதியில் அறுந்தால், அடுத்திருப்பவர் அதை எடுத்து முடிக்கிறார். முதல் முறை மாலை போட்ட கன்னிசாமிச் சிறுவன் அழைத்தாலும், பல ஆண்டுகள் மலையேறிய குருசாமி மறுமொழி கூறுகிறார். அழைப்பவர் அடைக்கலத்தைத் தானே சொல்லி முடிப்பதில்லை. அது மற்றவர் வாயிலிருந்து அவரை வந்தடைகிறது.

அத்வைத நோக்கிலிருந்து இங்கு ஒரு தடை எழும். சன்னிதானத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டுள்ள ‘தத்வமஸி’, அதாவது ‘அது நீயே’ என்பது, சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் ச்வேதகேதுவுக்கு உரைத்த மகாவாக்கியம். தேடும் பொருள் தானே என்றால், யாரை யார் அழைப்பது? அடைக்கலம் கேட்க இருவர் வேண்டும். மகாவாக்கியமோ இரண்டை மறுக்கிறது. பக்தர்களின் வழக்கமே இதற்கு விடை தருகிறது. மாலை அணிந்த நாள் முதல் கூலியாளும் முதலாளியும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே விளிக்கின்றனர். மலைமேல் இருப்பவரை அழைக்கும் அதே பெயரால் பக்கத்தில் நடப்பவரையும் அழைத்துப் பழகியவர், வாசலில் எழுதியிருப்பதைப் படிக்குமுன்பே அதன் பொருளுக்குள் நுழைந்துவிடுகிறார்.

இதிலிருந்தே இந்தக் குரலின் எல்லையும் பிறக்கிறது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று, சென்னையில் எழுந்த ஒலிபெருக்கி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சட்டம் சொன்ன இதைச் சரணாகதியின் தர்க்கமும் சொல்கிறது. ஒலிபெருக்கி ஒரே குரலைப் பெருக்கி மறுமொழி சொல்லும் வாய்களை அடக்கிவிடுகிறது. சபரிமலையில் பெண்கள் நுழைவது குறித்த 2018 செப்டம்பர் தீர்ப்பை அடுத்துக் கேரளத் தெருக்களில் நடந்த ஊர்வலங்களில் சரணம் போராட்ட முழக்கமாகவும் ஒலித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எவர் எந்தக் கருத்துக் கொண்டிருந்தாலும், தன் இயலாமையை ஒப்புக்கொள்ளும் சொல்லை எதிரில் நிற்பவரை அச்சுறுத்தப் பயன்படுத்தும்போது அது தன் பொருளை இழக்கிறது என்பதை மறுப்பது அரிது.

ஆகவே குரலின் உயரத்தைக் கொண்டு பக்தியை அளப்பதும், அதே காரணத்தால் அதைத் தள்ளுவதும் பிழை. தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு, மற்றவரின் மறுமொழிக்கு இடம்விட்டு எழும் அழைப்பு எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பிரார்த்தனையே. அவ்விரண்டும் இல்லாத அழைப்பு, தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும், வெறும் கூச்சலே.